லிஸ்பனுக்கு விமானத்தில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன், கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர். பழைய அரண்மனை இருந்த இடத்தில் இன்று ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. அதன் விளிம்பில் பளிங்குப் படிகள் நேராக டேகஸ் ஆற்றுக்குள் இறங்குகின்றன. ஊருக்கு அதுதான் தலைவாசல். விமானத்தில் வரும் நாம் கொல்லைப்புறம் வழியாக நுழைகிறோம். அது தெரியாமல் போவதால்தான் பலர் இந்த ஊரைப் பாதி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

முதல் தவறு டிக்கெட் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. சென்னையிலிருந்து போகிறவர்கள் வழியில் விமானம் மாற வேண்டும். பிராங்க்பர்ட்டிலோ பாரிஸிலோ மாறினால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைச் சோதனை அங்கேயே நடக்கும்; ஒரு மணி நேர இடைவெளி அந்த வரிசைக்கே போதாது. துபாய் வழியாகப் போனால் சோதனை லிஸ்பனில். அங்கேயும் வரிசை நீளும், ஆகவே இறங்கிய அன்று மாலைக்கு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். விசா விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்பெயினில் ஆறு நாள், போர்ச்சுகலில் மூன்று நாள் என்றால், முதலில் லிஸ்பனில் இறங்கினாலும் ஸ்பெயினிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாடே கணக்கு.

முடிந்தால் வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள். வடக்குக் காற்று வீசும் நாட்களில் விமானம் தெற்கிலிருந்து ஆற்றைக் கடந்து, நகரத்தின் மேலேயே தாழ்ந்து இறங்கும். விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. 2012 முதல் மெட்ரோவின் சிவப்புத் தடம் அதன் வாசல் வரை வருகிறது. அலமேதாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் நகரின் மையம். திரும்பும்போது மட்டும் கவனம்: மலிவு விலை விமானங்கள் சில இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படும். அங்கே போக முதல் முனையத்திலிருந்து இலவச பஸ் பிடிக்க வேண்டும்.

அடுத்தது, பெரிய சக்கரப் பெட்டியோடு, மேட்டிலுள்ள பழைய குடியிருப்பான அல்ஃபாமாவில் அறை எடுப்பது. அழகான பகுதிதான். ஆனால் பல சந்துகளுக்குள் கார் நுழையாது. படிகளில் பெட்டியைத் தூக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதைகள் மழையில் வழுக்கும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கீழே சமதளத்தில் உள்ள பைஷா பகுதியில் தங்குவது நல்லது. இரண்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள் காலையில் நிலம் அதிர்ந்தது. இடிபாடுகளுக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. மிஞ்சியதைப் பல நாள் தீ தின்றது. கெட்டியான பாறைமேல் இருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பியது, அதனால்தான் அதன் சந்துகள் இன்னும் வளைந்து நெளிகின்றன. பைஷாவை அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு நேர்கோட்டுத் தெருக்களாக மீண்டும் எழுப்பினார். நிலநடுக்கத்தைத் தாங்கச் சுவர்களுக்குள் மரக்கூண்டுச் சட்டங்கள் வைக்கப்பட்டன. அந்த நிலநடுக்கத்தில் சிதைந்து இன்றும் கூரையில்லாமல் நிற்கும் கார்மோ மடத்துக்குப் போகாமல் வருவது, என் கண்ணில், பெரிய இழப்பு.

ஜூன் 12 இரவு அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் அல்ஃபாமாவில் தூக்கம் கிடைக்காது. நாம் பதுவை அந்தோனியார் என்று அழைக்கும் புனிதர் பிறந்த ஊர் இது; அவர் திருநாளுக்கு முந்தைய இரவான அன்று தெருவெங்கும் மத்தி மீன் சுட்டு விழா கொண்டாடுவார்கள். பெலெமில் உள்ள ஜெரோனிமோஸ் மடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உணவகத்தில் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவ் காயும் இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். காய்கறி சூப் என்று நம்பி கால்தோ வெர்தே வாங்கும் சைவர்கள் கவனியுங்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும்.

ஊருக்கு முன்னால் விரிந்திருக்கும் தண்ணீரைக் கடல் என்று நினைத்துப் படமெடுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. அது ஆறு. அட்லாண்டிக் பார்க்க வேண்டுமானால் கய்ஸ் தோ சொத்ரே நிலையத்திலிருந்து கடற்கரை ஊரான கஷ்காய்ஷுக்கு ரயில், ஏறக்குறைய நாற்பது நிமிடம். அதே இடத்திலிருந்து எதிர்க்கரையான கசில்யாஷுக்குப் படகும் போகிறது, பத்து நிமிடப் பயணம். திரும்பி வரும் படகில் நகரம் தண்ணீரிலிருந்து அடுக்கடுக்காக எழும். மாலுமிகள் கண்ட முகம் அது. அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். வந்த முதல் மாலையிலேயே போய்விடுங்கள்.