சிங்கப்பூர் வீட்டில் ஒயினைச் சேர்த்து வைக்கலாமா? பலரும் செய்யும் தவறுகள்

செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, மச்சான் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதியில் கேபர்னே திராட்சையில் செய்தது. “இப்பவே திறந்துடாதீங்க மாப்பிள்ளை, வச்சிருந்து குடிங்க. நாளாக நாளாகத்தான் ருசி” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்த ஒயின் வைத்திருந்து குடிக்க வேண்டியதுதான். எங்கே வைப்பது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் தற்காப்பு அறையான பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே ஆறு ஆண்டு இருந்தது. எங்கள் பத்தாவது திருமண நாளில் எடுத்துத் துடைத்தபோது கை பிசுபிசுத்தது. கழுத்து உறைக்குக் கீழிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று லேபிள் வரை வழிந்து காய்ந்திருந்தது. உறையை உரித்தேன். கார்க் பாட்டில் வாய்க்கு மேலே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் எழும்பி நின்றது. கோப்பையில் ஊற்றினால் ஓரமெல்லாம் செங்கல் பழுப்பு. உலர்ந்த பிளம்ஸைச் சர்க்கரைப் பாகில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சியதுபோல ஒரு வாடை. மச்சான் இரண்டு மிடறு குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மனம் நோகக்கூடாது என்று பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்து, பலவற்றைக் குடித்தும் பார்த்தேன். நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: சிங்கப்பூர் வீட்டில் ஒயினுக்கான குளிர்பெட்டி இல்லாமல் ஒயினைச் சேர்த்து வைக்காதீர்கள். குளிர்பெட்டி இருந்தாலும் நாம் வாங்கும் பெரும்பாலான பாட்டில்களை வைப்பதில் பயனில்லை.

இருட்டாக இருந்தால் மட்டும் போதாது

1998க்குப் பிறகு கட்டத் தொடங்கிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது. கனமான சுவர், சன்னல் கிடையாது, அதிர்வும் இல்லை. பார்த்தால் ஒயின் நிலவறை மாதிரியே இருக்கும். இந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த நிலவறைகள் கோடையிலும் குளிர்காலத்திலும் 10 முதல் 12 டிகிரியில் நிற்கின்றன. நம் ஊரில் பகல் வெயில் 31, 32 டிகிரியைத் தொடுகிறது. இரவிலும் 23க்குக் கீழே இறங்குவது அரிது. பாம் ஷெல்டர் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், உள்ளே இருப்பது அதே சூடுதான்.

ஒயினை நீண்ட நாள் வைக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். வேதி வினைகள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அப்படியானால் 28 டிகிரியில் வைத்தால் சீக்கிரமே முதிர்ந்துவிடுமே, நல்லதுதானே என்று கேட்கலாம். அது அப்படி நடப்பதில்லை. மெதுவாக முதிரும்போது வரும் மணமும் சூட்டில் வேகும்போது வரும் மணமும் வேறு வேறு. மாம்பழம் வைக்கோலில் பழுப்பதற்கும் அடுப்பில் வேகுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

படுக்கையறையில் வைப்பவர்களும் உண்டு. இரவில் ஏர்கான் போட்டால் 24, பகலில் அணைத்தால் 30. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது. குளிர்ந்தால் சுருங்கிக் கார்க்கின் ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. எங்கள் பாட்டிலில் கார்க் எழும்பி நின்றதும் ஒயின் கசிந்ததும் இப்படிச் சூட்டில் விரிந்ததால்தான்.

ஒருமுறை இதை நேரிலேயே சோதித்தேன். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே ஷிராஸ் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில். ஒன்று நண்பர் வீட்டு ஒயின் குளிர்பெட்டிக்குப் போனது, மற்றொன்று எங்கள் சமையலறை அலமாரிக்கு. ஓராண்டு கழித்து நாலு பேர் உட்கார்ந்து இரண்டையும் திறந்தோம். எது எங்கே இருந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. மோந்து பார்த்தே அவர்கள் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அலமாரியில் இருந்தது கெட்டுப்போகவில்லை, குடிக்க முடிந்தது. ஆனால் பழ மணம் பாதி போய், மீதி ஜாம் போல இருந்தது. ஒரே ஆண்டில்.

விலை கூடியது என்பதால் நாள்பட நிற்கும் என்று நினைப்பது

சிங்கப்பூரில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். இங்கே ஒயினுக்குத் தீர்வை, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் 8 வெள்ளி 91 காசு. மலிவான ஒயினோ உயர்ந்த ஒயினோ, தீர்வை ஒன்றுதான். அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக, 30 வெள்ளி பாட்டிலில் 11 வெள்ளிக்கு மேல் வரியாகவே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் கப்பல் கூலி, கடை வாடகை, ஒயின் எல்லாம். நமக்கு விலை கூடியதாகத் தெரியும் அந்த பாட்டில், அது பிறந்த ஊரில் அன்றாடம் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயினாக இருக்கும்.

அன்றாட ஒயின் இளமையாகவே குடிக்கச் செய்தது. நியூசிலாந்து மார்ல்பரோ சாவினியோன் பிளாங்க், இத்தாலியின் புரோசெக்கோ, இளஞ்சிவப்பு நிற ரோஸே இவற்றையெல்லாம் வாங்கிய ஆண்டிலேயே திறந்துவிடுங்கள். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வரும் பிரான்சின் புது ஒயினான போஜொலே நூவோவை அடுத்த தீபாவளி வரை வைப்பது வீண். ஆண்டு குறிப்பிடாத ஷாம்பேனும் குடிக்கத் தயாரான பிறகே கடைக்கு வருகிறது. வைத்திருந்தால் மேம்படுபவை சில வகைகள்தாம்: பிரான்சின் நல்ல போர்தோ, இத்தாலியின் பரோலோ, ஜெர்மனியின் ரீஸ்லிங், போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட், பிரான்சின் இனிப்பு ஒயினான சோட்டெர்ன் போன்றவை. துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு இவற்றில் ஒன்றாவது பலமாக இருந்து, அதோடு சாரமும் இருக்க வேண்டும். இளமையில் குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். காலம்தான் அதைத் தணிக்கும். இளமையிலேயே சாதுவாக இருக்கும் ஒயினிடம் காலம் தணிப்பதற்கு ஒன்றுமில்லை, உள்ள மணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

குளிர்பெட்டி வாங்குமுன் கணக்குப் போடாதது

நாளுக்கு ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும் பெட்டி, யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 110 வெள்ளி. உள்ளே முப்பது பாட்டில் இருந்தால், ஒரு பாட்டிலுக்கு ஆண்டுக்குச் சுமார் 3 வெள்ளி 65 காசு. பத்து ஆண்டு வைத்தால் 36 வெள்ளிக்கு மேல். பெட்டியின் விலை இதில் சேரவில்லை. 150 வெள்ளி பரோலோவுக்கு இந்தச் செலவு சரி. 35 வெள்ளி மெர்லோ சிவப்பு ஒயினுக்கு, அதே பணத்தில் புதிதாக இன்னொரு மெர்லோ வாங்கிவிடலாம்.

பெட்டி வாங்குவதென்றால் கம்ப்ரஸர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரஸர் இல்லாத சிறிய பெட்டிகள் சத்தமில்லாமல் ஓடும், விலையும் குறைவு; ஆனால் வெளியே 31 டிகிரி இருக்கும்போது உள்ளே 14க்கு இறங்கத் திணறும். பெட்டியைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள்.

பழைய ஒயினின் சுவை பிடிக்கும், பெட்டி வேண்டாம் என்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. காத்திருக்கும் வேலையை ஒயின் செய்தவரிடமே விட்டுவிடலாம். ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வா குறைந்தது ஐந்து ஆண்டு அவர்களிடமே இருந்து, அதில் இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில் கழித்த பிறகே விற்பனைக்கு வருகிறது. சட்டமே அப்படி. பத்து ஆண்டு, இருபது ஆண்டு டானி போர்ட்டும் (பீப்பாயில் முதிர்ந்த போர்ட்) இதே கதைதான். வெள்ளிக்கிழமை வாங்கி சனிக்கிழமை திறக்கலாம்.

கெடாததைக் கொட்டுவதும் கெட்டதைக் குடிப்பதும்

முதலில், கெடாதவை. கார்க்கின் அடியிலோ பாட்டில் அடியிலோ கற்கண்டுத் தூள் மாதிரி மின்னினால் அது டார்ட்டாரிக் அமில உப்பு. கண்ணாடித் துண்டு என்று பயந்து கொட்டாதீர்கள். பழைய சிவப்பு ஒயினின் வண்டலும் அப்படித்தான், மெதுவாக வடித்து ஊற்றினால் போதும். உறைக்கு அடியில், கார்க்கின் தலையில் பூஞ்சை படர்ந்திருக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு இது சாதாரணம், ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள்.

இன்னொன்று, சூடான ஒயினைக் கெட்ட ஒயின் என்று நினைப்பது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பாவின் 17, 18 டிகிரி அறை. நம் வீட்டு 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் அமுங்கிவிடும். அரை மணி நேரம் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி குடித்துப் பாருங்கள்.

சரி, உண்மையில் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கை நம்புங்கள். மழையில் நனைந்து, அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக் ஓரத்தில் கிடக்கும் அட்டைப் பெட்டியின் வாடை வந்தால், அது கார்க் கறை. ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருளால் வருவது. இதை அடையாளம் கண்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் டானர், 1980களின் தொடக்கத்தில். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, சுவைதான் செத்துப்போகும். இது நீங்கள் வைத்திருந்த விதத்தால் வந்ததல்ல, கார்க்கோடு வந்தது. திருகுமூடி போட்ட பாட்டிலில் இது மிக அரிது. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்பவர்கள் 2000ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து திருகுமூடிக்கு மாறியதற்கு இந்தத் தொல்லை முக்கியக் காரணம். திருகுமூடி என்றாலே மட்டமான ஒயின் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

தீக்குச்சி அணைத்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் அவசரப்பட வேண்டாம். அது காற்றுப் படாமல் அடைபட்டிருந்த கந்தக வாடை. வாயகன்ற ஜாடியில் ஊற்றி இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். கார்க் கறை அப்படிப் போகாது, நேரமாக ஆகக் கூடத்தான் செய்யும். அதனால் சந்தேகமாக இருந்தால் இருபது நிமிடம் காத்திருந்து மோந்து பாருங்கள்.

வெள்ளை ஒயின் தேநீர் நிறத்துக்குப் போய், வெட்டிவைத்த ஆப்பிள் கறுத்த மாதிரி மணந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. காடி (வினிகர்) வாடை, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை என்றால் பாக்டீரியா வேலை. எங்கள் பாட்டிலில் வந்த ஜாம் வாடை சூட்டால் வந்தது. இவற்றுக்கு மருந்து இல்லை.

உணவகத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவது, பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். வாடை சரியில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். நம்மவர்கள் பலர் கௌரவம் பார்த்துத் தலையாட்டிவிட்டு, 90 வெள்ளி கொடுத்துக் கெட்ட ஒயினைக் குடித்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை. கடையில் வாங்கியது கார்க் கறை என்றால் மீதியைக் கொட்டாமல், அதே கார்க்கை அடைத்து, ரசீதோடு ஓரிரு நாளில் கொண்டுபோங்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஓராண்டு அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

காற்றுப் பட்டதையும், குடித்து மிஞ்சியதையும் நான் காடியாக்கிவிடுகிறேன். கார்க் கறை உள்ளதை மட்டும் சேர்ப்பதில்லை, அந்த வாடை காடியிலும் தொடரும். அகன்ற கண்ணாடிச் சாடியில் ஒயின் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, வடிகட்டாத காடி ஒரு கை. பழ ஈ புகாத அளவுக்கு மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி, அலமாரியில் வைத்துவிடுவேன். காடி பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரிதான் பிடித்த சூடு. மச்சானின் கேபர்னேயைக் கெடுத்த அதே வெக்கை இதற்குப் பொருந்திப்போகிறது. ஓரிரு வாரத்தில் மேலே மெல்லிய ஆடை படரும், இரண்டு மூன்று மாதத்தில் புளிப்பு ஏறிவிடும். விண்டாலூ என்ற கோவா கறியின் பெயரே போர்ச்சுகீசியர்கள் ஒயினும் பூண்டும் போட்டு ஊறவைத்த இறைச்சியிலிருந்து வந்தது. அதனால் என் மனைவி இந்தக் காடியை ஆட்டிறைச்சியில் பூண்டோடும் மிளகாயோடும் அரைத்துப் பூசி ஓர் இரவு ஊறவைக்கிறாள். போன தீபாவளிக்கு மச்சான் வந்தபோது இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று அவர் கொண்டுவந்த பாட்டிலை, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அந்தக் கறியோடு அப்போதே திறந்தோம்.