ஆம்ப்ளிஃபயரின் அதிர்வெண் வளைவை அளப்பது எப்படி?

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு பெருக்குகிறது என்பதைக் காட்டுவதே அதிர்வெண் வளைவு. அளக்கும் கருவியின் குறையை ஆம்ப்ளிஃபயரின் தலையில் கட்டிவிடுவதுதான் இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் தவறு. அதைத் தவிர்த்தால் மீதி எளிது.

சோதனைக்கு ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்று போதும். பிசி 547, 12 வோல்ட் சப்ளை. பேஸிலிருந்து மேலே சப்ளைக்கு 47 கிலோஓம், கீழே கிரவுண்டுக்கு 10 கிலோஓம், கலெக்டரில் 4.7 கிலோஓம், எமிட்டரில் 1 கிலோஓம். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், எமிட்டர் மின்தடைக்கு இணையாக 100 மைக்ரோஃபாரட். மூன்று கெபாசிட்டர்களின் நேர்முனையும் டிரான்சிஸ்டர் பக்கம் இருக்க வேண்டும். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம் போடுங்கள். இல்லாவிட்டால் வெளியீட்டுக் கெபாசிட்டர் சார்ஜாகி அலை ஆசிலோஸ்கோப்பின் (ஸ்கோப்) திரையில் நிலைகொள்ள நிமிடக்கணக்கில் ஆகும்.

முதலில் சிக்னல் இல்லாமல் டிசி அளவைப் பாருங்கள்: எமிட்டரில் சுமார் 1.4, கலெக்டரில் சுமார் 5.4 வோல்ட். இது சரியில்லாமல் மேலே போவதில் பயனில்லை.

இந்தச் சுற்று 200 மடங்குக்கு மேல் பெருக்கும். அதனால் உள்ளீடு உச்சிக்கு உச்சி 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேண்டாம். 50 கொடுத்தால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலையை அளந்து வரையும் வளைவு பொய். சிக்னல் ஜெனரேட்டரில் உச்சிக்கு உச்சி 1 வோல்ட் வைத்து, 10 கிலோஓம், 100 ஓம் மின்தடைகளாலான பகுப்பான் வழியாகக் குறையுங்கள் (100 ஓம் மீதுள்ள பங்கே உள்ளீடு). ஸ்கோப்பின் முதல் சேனலை அந்த 1 வோல்ட் பக்கமே வையுங்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அது மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியீட்டைக் குறிக்க வேண்டும்.

10, 20, 50, 100, 200, 500 ஹெர்ட்ஸ் என்று 1 மெகாஹெர்ட்ஸ் வரை போங்கள். வெட்டு அதிர்வெண்களுக்கு, அதாவது பெருக்கம் 0.707 மடங்காகக் குறையும் இடங்களுக்கு, கணக்கே தேவையில்லை: 1 கிலோஹெர்ட்ஸில் ஸ்கோப்பில் அலையின் உயரத்தை மாற்றும் நுண்குமிழைத் திருப்பி அலையை 7 கட்ட உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குமிழைத் தொடாமல் அதிர்வெண்ணைக் குறையுங்கள். உயரம் 5 கட்டமாகும் இடம் கீழ் வெட்டு. அதேபோல் மேலே போனால் மேல் வெட்டு. 5/7 என்பது 0.714, நமக்கு வேண்டிய 0.707-க்கு மிக அருகில்.

கீழ் வெட்டு 80 ஹெர்ட்ஸ் சுற்றி வரும். பலர் உள்ளீட்டுக் கெபாசிட்டரைப் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறுவார்கள். அது தனியாக ஏற்படுத்தும் வெட்டு 6 ஹெர்ட்ஸ் அளவில்தான். 100 மைக்ரோஃபாரட் எதிர்கொள்வது எமிட்டரின் 1 கிலோஓம் அல்ல, டிரான்சிஸ்டருக்குள் தெரியும் 19 ஓம். வெட்டைத் தீர்மானிப்பது அந்த 100 மைக்ரோஃபாரட்டே. அதை 470 மைக்ரோஃபாரட் ஆக்கினால் வெட்டு 20 ஹெர்ட்ஸுக்கு அருகில் இறங்கும்.

மேல் வெட்டின் பக்கத்தில், சுற்றைத் தொட்டு அலையை ஸ்கோப்புக்குக் கொண்டுபோகும் புரோப்தான் வில்லன். ஒன்றுக்கு ஒன்று நிலையில் அதன் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்திறன் கலெக்டர் மின்தடையோடு சேர்ந்து, வளைவை 300 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே சாய்த்துவிடும். பத்துக்கு ஒன்று நிலைக்கு மாற்றினால் அதே சுற்று 1 மெகாஹெர்ட்ஸை நெருங்கும். அப்படியானால் சோதனையை இன்னும் மேலே நீட்டுங்கள்.

வரையும்போது அதிர்வெண்ணை மடக்கை அச்சில், பெருக்கத்தை டெசிபலில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்கோப்பை டிசி இணைப்பிலேயே வையுங்கள். ஏசி இணைப்பிலுள்ள கெபாசிட்டர் தன் பங்குக்கும் கொஞ்சம் குறைக்கும். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவை 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப வேண்டாம்.