தெப்பத்தில் கடல்பாசி: நட்டம் எங்கே தொடங்குகிறது?

மண்டபம், பாம்பன் பக்கம் தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடல்பாசி அழிந்தால் முதல் பழி கடலுக்குத்தான். பாதி நேரம் கோளாறு விதையில், அதாவது கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசித் துண்டில் இருக்கிறது.

12க்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். மொத்தம் 60 கிலோ விதை. 45 நாளில் இது மூன்று, நான்கு மடங்காகப் பெருகும். விதையில் 10 கிலோ குறைத்தால் அறுவடையில் 30, 40 கிலோ போச்சு. முற்றிய தண்டை விதையாகக் கட்டுவது அதைவிட மோசம். இளங்கிளை நுனிதான் வேகமாகத் துளிர்க்கும். விதை மூட்டையை வெயிலில் போடாதீர்கள். கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடி, அன்றைக்கே கட்டிவிடுங்கள். நல்லதண்ணீர் தெளிக்கவே கூடாது.

இறுக்கிக் கட்டினால் தண்டு அறுபடும், தளர்த்தினால் நழுவும். தெப்பத்தின் அடியில் வலை கட்டாமல் விட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிடும்.

கிளை வெளுத்தால் நோய் என்று பயந்து மருந்து தேடுகிறார்கள். கடலில் ஊற்ற மருந்து ஏது? கோடையில் நீர் சூடேறினாலோ, மழையில் உப்பு குறைந்தாலோ பாசி நலியும். அந்த நேரம் பாக்டீரியா ஏறும். வெளுத்த கிளையை உடனே வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் வீசாதீர்கள். பரவிவிட்டால் நாள் பார்க்காமல் அறுத்துவிடுவதே லாபம். அந்தத் தெப்பத்திலிருந்து மறுபடி விதை எடுக்கக் கூடாது.

எடை கூடட்டும் என்று 45 நாளுக்கு மேல் விடுவதும் தவறு. கனத்த கிளை அலையில் ஒடிந்து மிதந்து போகும். அது நம் நட்டத்தோடு நிற்பதில்லை. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் இந்த வெளிநாட்டுப் பாசி படர்ந்து மூடியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பவளம் செத்தால் மீன் குஞ்சுக்கு இடமில்லை. 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா இருக்கும் தென்கடலில் (மன்னார் வளைகுடா) தெப்பம் போடக் கூடாது. வடகடலில் (பாக் விரிகுடா), அனுமதித்த இடத்தில் மட்டும் போடுங்கள். வாடைக்காற்று பலக்கும் முன்பே தெப்பத்தைக் கரையேற்றிவிடுங்கள்.

மணலில் காயவைத்த பாசிக்கு விலை விழும். வலை விரித்து அதன்மேல் பரப்புங்கள், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். 10 கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் சுமார் 1 கிலோதான் தேறும்.