தரையை நம்பாமல் ஓவியம் தொங்கவிடுவது: சிறு கூடத்துக்கான செய்முறை

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓவியக்கூடம் உண்மையில் ஒரு பழைய வீட்டின் நீண்ட விறாந்தை. அதன் திறந்த பக்கத்தை மறைத்துச் சுவர் எழுப்பிக் கூடமாக்கியிருக்கிறோம். அங்கே நான் தொங்கவிட்ட முதலாவது கண்காட்சியில், ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து அளவுநாடா பிடித்து, ஒரு மில்லிமீற்றரும் பிசகாமல் ஆணி அடித்ததாக எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். திறப்பு விழாவுக்கு வந்திருந்த ஒரு முதிய மேசன், தேநீர்க் கோப்பையுடன் வாசலில் நின்றபடியே, "தம்பி, படமெல்லாம் கடலைப் பார்த்து இறங்குதே" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது மட்டுமே தெரிந்தது.

இந்தக் குறிப்பு, என்னைப்போல முதன்முதலாக ஒரு சிறு கூடத்தில் கண்காட்சி வைப்பவர்களுக்கானது. எந்த ஓவியரை அழைப்பது, எந்தப் படத்தைத் தெரிவது என்பவற்றை நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது படி: நாளைக் குறித்தல்

திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான் பெய்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்காக நின்றால் தாளிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், நீர்வர்ணப் படங்களை அந்த மாதங்களில் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. மாசி மாதம் நல்லது. வைகாசிக்குப் பிறகு நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சுற்றுலாப் பயணிகள் வருவதால் பார்வையாளர்கள் கூடுவார்கள். ஆனால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கூடத்தின் மேற்குப் பக்க யன்னல்களை அடைக்காவிட்டால், மாலைக்குள் எல்லாப் படங்களின் மேற்சட்டத்திலும் மண் படிந்திருக்கும். பங்குனி உத்தரத்தை ஒட்டிய கோணேசர் திருவிழா நாட்களில் எந்தத் திறப்பு விழாவையும் வைக்காதீர்கள். நோன்பு காலத்தில் மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா வைத்தால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலும் அப்படியே.

இரண்டாவது படி: படங்களைப் பெற்றுக்கொள்ளுதல்

ஒரு கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஊடகம், பிரேமோடு சேர்த்த உயரம், அகலம், விலை, ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றை எழுதி, ஓவியரின் கையொப்பத்தை வாங்குங்கள். முன்னும் பின்னும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் எப்போது வந்தது என்ற சச்சரவை இந்த ஐந்து நிமிட வேலை தடுத்துவிடும்.

கண்ணாடியிட்ட படமானால், ஓவியம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். கடற்காற்று உள்ள ஊரில் தாள் ஈரம் குடித்து வீங்கி, வர்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து வரும். இடையில் ஒரு மவுண்ட் அட்டை, அதாவது ஓவியத்தைச் சுற்றி விளிம்பாக வைக்கும் தடித்த அட்டை, கட்டாயம் இருக்க வேண்டும். தாளை அட்டையோடு செலோடேப் கொண்டு ஒட்டியிருந்தால், அது மஞ்சளாகிக் கறை விடும் என்பதை ஓவியரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது படி: மட்டக் கோடு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓவியத்தின் நடுப்புள்ளி ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தில், அதாவது சராசரி ஆளின் கண்மட்டத்துக்கு அருகில், இருக்க வேண்டும் என்பது பல காட்சிக்கூடங்களில் பின்பற்றப்படும் வழக்கம். பிரச்சினை அந்த எண்ணில் இல்லை, அதை எங்கிருந்து அளப்பது என்பதிலேயே இருக்கிறது. பழைய விறாந்தைகளின் தரை, கழுவும் தண்ணீர் தானாக வெளியேறுவதற்காகச் சரிவாகவே கட்டப்படும். எங்கள் கூடத்தின் 11 மீற்றர் நீளமான சுவரில், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே தரை 9 செ.மீ. இறங்குகிறது. நடக்கும்போது காலுக்குத் தெரியாத இந்த இறக்கத்தை, படங்களின் வரிசை அப்படியே சுவரில் எழுதிக் காட்டிவிடும். கூரையின் வளையிலிருந்து அளக்கலாமே என்று இரண்டாம் முறை முயன்று பார்த்தேன். பழைய வீடுகளில் வளையும் தொய்ந்திருக்கும்.

மேசன் சொல்லித் தந்த வழி மிக எளிது. ஹார்ட்வெயார் கடையில் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய், சுவரின் நீளத்தைவிட மூன்று மீற்றர் கூடுதலாக வாங்குங்கள். சுண்டுவிரல் பருமன் போதும். அதில் தண்ணீர் நிரப்பி, சலவைக்குப் போடும் நீலம் இரண்டு துளி கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். சுவரின் நடுப்பகுதியில் தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் இடுங்கள். அந்த ஒரே ஓர் இடத்தில்தான் தரையை நாம் நம்புகிறோம். குழாயின் ஒரு நுனியை அங்கே பிடித்து, நீர்மட்டம் அடையாளத்தோடு பொருந்தும்படி ஒருவர் நிற்க, மற்றவர் மறு நுனியைச் சுவரின் கோடிக்குக் கொண்டுபோய், நீர் அசைவற்று நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். மறு நுனியை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ முதலாமவரின் பக்கத்திலும் நீர் அசையும் என்பதால், இருவரும் ஒரே நேரத்தில் "சரி" என்று சொல்லும்வரை குறிக்கக் கூடாது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். குழாயை எடுத்துச் செல்லும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்கப் பெருவிரலால் நுனிகளை அடைப்போம். அளக்கும்போது விரலை எடுக்க மறந்தால் நீர் அசையாது, பொய்யான மட்டத்தைக் காட்டும். இன்னொன்று காற்றுக் குமிழி. குழாயின் நடுவில் ஒரு குமிழி நின்றாலும் அளவு பிழைத்துவிடும். ஆகவே ஒரு வாளியை மேசைமேல் வைத்து, வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்பி, குமிழிகள் முழுவதும் வெளியேறும்வரை நீரை ஓடவிடுங்கள்.

சந்தையில் இப்போது லேசர் மட்டக் கருவி கிடைக்கிறது. வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு மூன்று கண்காட்சி வைக்கும் கூடத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. கைபேசிச் செயலி மட்டும் வேண்டாம்: ஒரு படம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அது உதவும், 11 மீற்றர் கோட்டை அதனால் தர முடியாது.

இரு கோடிகளிலும் குறித்த அடையாளங்களுக்கிடையே வெள்ளைப் பருத்தி நூலை இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். மேசன்மார் செய்வதுபோல நீலப்பொடி பூசிய நூலை அடித்துக் கோடு போட்டு, பிறகு சுண்ணாம்புச் சுவரிலிருந்து அதை அழிக்க இரண்டு நாள் பாடுபட்டவன் சொல்கிறேன்.

நான்காவது படி: கொளுக்கியின் உயரம்

நூல் காட்டுவது படத்தின் நடுப்புள்ளியை. கொளுக்கி அதற்கு மேலே இருக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பதில் புதியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பிழைவிடுகிறார்கள், ஏனெனில் பிரேமுக்குப் பின்னாலுள்ள கம்பி, பாரம் ஏறியதும் முக்கோணமாக மேலே இழுபடுகிறது. படத்தைத் தொங்கவிடுவதுபோலக் கம்பியின் நடுவை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, அந்த இடத்துக்கும் பிரேமின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள்.

கணக்கு இதுதான்: கோட்டின் உயரத்தோடு பிரேமின் உயரத்தில் பாதியைக் கூட்டி, இழுத்த கம்பியின் தூரத்தைக் கழிக்க வேண்டும். 60 செ.மீ. உயரமான படத்தில் அந்தத் தூரம் 8 செ.மீ. என்றால், 145 உடன் 30 ஐக் கூட்டி 8 ஐக் கழிக்க, 167 செ.மீ. வரும். கொளுக்கி நூலுக்கு மேலே 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். நான் 145 ஐ விட்டுவிட்டு இந்த 22 ஐ மட்டுமே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். சுவரில் நூலிலிருந்து அளந்தால் போதும், தரைப்பக்கம் குனியவே வேண்டியதில்லை.

மேல்விளிம்புகளை ஒரே கோட்டில் வைப்பதுதான் அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. எல்லாப் படங்களும் ஒரே அளவாக இருந்தால் இரண்டும் ஒன்றே. சிறிதும் பெரிதும் கலந்த வரிசையில் நடுப்புள்ளிக் கோடே கண்ணை உறுத்தாமல் கொண்டுபோகிறது. சிறுவர் ஓவியங்களுக்கு மட்டும் தனிச் சுவர் ஒதுக்கி, கோட்டை 110 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள், அவற்றைப் பார்க்க வருபவர்களும் சிறுவர்களே.

இடைவெளிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு: 1100 செ.மீ. சுவரில் மொத்தம் 620 செ.மீ. அகலமான 12 படங்கள் என்றால், மிஞ்சும் 480 ஐ 13 ஆல் வகுக்க, ஏறத்தாழ 37 செ.மீ. வரும். இரு ஓவியர்களின் படங்கள் சந்திக்கும் இடத்தில் சற்றுக் கூட்டி, மற்றவற்றில் குறையுங்கள்.

ஐந்தாவது படி: தொங்கவிடுதல்

பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி நிற்காது. நிற்பதுபோலப் பாவனை செய்துவிட்டு இரவில் விழும். அதனால் சுவரின் மேற்பகுதியில், கல்லோடு இறுகும்படி நான்கு இடங்களில் மட்டும் துளையிட்டு, நீளமான ஒரு மர ரீப்பையைப் பொருத்தி, அதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் இரண்டு கயிறுகளில் இறக்குகிறோம். இரட்டைக் கயிற்று முறையில் பின்கம்பி தேவையில்லை. கயிறுகள் நேரே பிரேமின் இரு வளையங்களுக்குப் போவதால், கணக்கில் கம்பியின் தூரத்துக்குப் பதிலாக வளையத்தின் தூரத்தைக் கழிக்க வேண்டும். காற்றில் படம் திரும்பாமலும் சரியாமலும் நிற்கும்.

கயிறாக நான் முதலில் எடுத்தது, மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் தங்கூசி என்ற நைலோன் நூல். கண்ணுக்குத் தெரியாது, மலிவு, பாரமும் தாங்கும். ஆனால் தங்கூசி தொடர்ந்த பாரத்தில் மெல்ல மெல்ல நீளும். வெப்பமான நாட்களில் இன்னும் நீளும். ஒரு வாரத்தில் பெரிய படங்கள் கோட்டிலிருந்து இரண்டு செ.மீ. இறங்கியிருந்தன. இப்போது துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைப் பயன்படுத்துகிறோம். சாதாரண இரும்புக் கம்பியைக் கடலுக்கு அருகில் நினைக்கவே வேண்டாம். ஒரு வாடைக்காலத்தில் துரு சுவரில் வழிந்து இறங்கும்.

பிரேமின் பின்புறத்தில் கீழ் மூலைகள் இரண்டிலும், பழைய பாட்டாச் செருப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளைத் துணியில் சுற்றி ஒட்டிவிடுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்த மறைவான இடத்தில்தான்.

ஆறாவது படி: ஒளியும் விவரச் சீட்டும்

கிழக்கு யன்னல் வழியாகக் காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்பதைத் தொங்கவிடுவதற்கு முந்தைய நாளே பார்த்து, நீர்வர்ணங்களை அங்கிருந்து விலக்குங்கள். தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் (படத்தின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு), தைலவர்ணத்துக்கு 200 லக்ஸ் அளவான ஒளி என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான அளவுகோல். 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் ஒளி தரும், எல்.ஈ.டி. குமிழ்களை, நிலைக்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் பொருத்தினால் கண்ணாடியில் மினுக்கம் குறையும்.

விவரச் சீட்டு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். சிங்களப் பகுதியை, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வாசிக்காமல் அச்சிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் புளூடக் என்ற ஒட்டும் களி பிடிக்காது; சுவரொட்டிக்குக் காய்ச்சும் கோதுமை மாப் பசையை நான்கு மூலைகளில் மட்டும் தடவினால் கண்காட்சி முடியும்வரை நிற்கும், ஈரத்துணியில் கழன்றுவிடும். விற்பனையான படத்தைக் காட்டும் சிவப்பு வட்டத்துக்குத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஸ்டிக்கர்ப் பொட்டு ஒரு அட்டை போதும்.

திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். எங்கள் கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் அமர முடியாததால் இப்போது ஒலிபெருக்கியே வைப்பதில்லை. பேச்சுகளும் தாமாகவே சுருங்கிவிட்டன.

பிற்சேர்க்கை

இதை வெளியிட்ட பின், தனியாளாக நீர்க்குழாயைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். அடிப்பக்கம் துளையிட்ட ஒரு அகன்ற போத்தலைச் சுவரின் நடுவில் கட்டி, குழாயின் ஒரு நுனியை அந்தத் துளையில் பொருத்துங்கள். போத்தல் அகலமாக இருப்பதால், மறு நுனியை நீங்கள் அசைத்தாலும் அதிலுள்ள மட்டம் அவ்வளவாக மாறாது.

கிண்ணியாவிலிருந்து எழுதிய ஆசிரியை ஒருவரின் சிக்கல் வேறு: அவர்களுடைய மண்டபத்தில் அரைச்சுவர்தான், ரீப்பை அடிக்க இடமே இல்லை. பழைய பெயின்ற் வாளிகளில் கொங்கிறீற் இட்டு, அதில் சவுக்குக் கம்புகளை நட்டு, அவற்றுக்குக் குறுக்கே ரீப்பையைக் கட்டும்படி சொன்னேன். வாளிகளுக்குள் கொங்கிறீற் இறுகும்போது கம்பு சரியாமல் இருக்க, முதல் நாள் முழுவதும் மூன்று பக்கமும் கயிறு கட்டி வைக்க வேண்டும் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவர்களுடைய முதலாவது கம்பு சாய்ந்தபடியே இறுகிவிட்டதாம். குறுக்கு ரீப்பையை மேலேற்றும் முன், அந்த வாளிகள் நிற்கும் தரையையும் குழாயால் பார்த்து, தாழ்ந்த பக்க வாளிக்குக் கீழே பலகைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.