ஓர் உயர்தர அங்காடியின் வரலாற்றையும் வணிக அடையாளத்தையும் வாசிக்கும் முறை

பெயர் பெற்ற ஓர் அங்காடியின் வணிக அடையாளத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய மாணவர்களும் சரி, தங்கள் குடும்பக் கடைக்கு ஓர் அடையாளத்தை உருவாக்க விரும்பும் வணிகர்களும் சரி, பெரும்பாலும் லோகோவிலிருந்தே தொடங்குகிறார்கள். எழுத்துரு, நிறம், விளம்பர வாசகம் ஆகியவற்றை விவரித்த பிறகு, நிறுவனம் தொடங்கிய ஆண்டை ஒரு வரியில் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசையில் எழுதினால் அந்த அடையாளம் ஏன் அப்படி அமைந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஆகவே நான் பரிந்துரைப்பது வேறொரு முறை. ஒரு நீளமான தாளில் மூன்று பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தி கடை நின்ற இடத்துக்கும், இரண்டாவது அதன் உடைமையாளருக்கும், மூன்றாவது வாடிக்கையாளரின் கண்ணில் பட்டவற்றுக்கும் உரியது. ஆண்டுவாரியாக மூன்றையும் நிரப்பிய பின், மேலிருந்து கீழாக வாசிக்காமல் குறுக்காக வாசியுங்கள்.

இதற்கு நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நம் ஊர்த் தெருமுனையில் 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்ற பலகையோடு நிற்கும் மளிகைக் கடையை இங்கே மனத்தில் கொள்ள வேண்டாம். ஆடை, அழகுப் பொருள், வீட்டு அலங்காரம் எனத் தனித்தனிப் பிரிவுகள் மாடிமாடியாக அமைந்த பெருங்கடையையே அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள்.

முதல் பத்தியை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். ஜோசப், லைமன் ப்ளூமிங்டேல் என்ற சகோதரர்கள் 1861-இல் விற்கத் தொடங்கியது, வளையக் கூடு வைத்துத் தைத்த பெண்களின் பாவாடைகளை. 1872-இல் மூன்றாம் அவென்யூவில் கடை திறந்து, பலவகை ஐரோப்பிய ஆடைகளையும் விற்றார்கள். 1886-இல் 59-ஆம் தெருவுக்கு இடம்பெயர்ந்தார்கள். இன்றும் தலைமை அங்காடி அங்கேதான் நிற்கிறது. அக்காலத்தில் செல்வர்கள் சென்ற பெரிய கடைகள் பிராட்வேயிலும் ஆறாம் அவென்யூவிலும் இருந்தன. மூன்றாம் அவென்யூ ஓடும் கிழக்குப் பகுதியில் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளே மிகுதி. மூன்றாம் அவென்யூவின் மேல் உயர்த்தப்பட்ட இருப்புப்பாதையில் 1878 முதல் ரயில்கள் ஓடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அங்காடி பரப்பிய வாசகம், எல்லா டிராம்களிலிருந்தும் ப்ளூமிங்டேல்ஸுக்கு மாறி வரலாம் என்ற பொருள் தருவது. அந்த வாசகத்தில் அழகும் இல்லை, மேட்டிமையும் இல்லை; எப்படி வந்து சேர்வது என்ற தகவல் மட்டுமே இருக்கிறது. சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு டிராம் மாறும் வழியைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வாடிக்கையாளர் யார் என்பதை அந்த வாசகமே காட்டிக்கொடுக்கிறது.

1955-இல் மூன்றாம் அவென்யூவின் மேல்நிலை ரயில் நிறுத்தப்பட்டுப் பாலம் அகற்றப்பட்டது. தெருவில் வெளிச்சம் விழுந்தது. பழைய நெருக்கடியான குடியிருப்புகள் இருந்த இடங்களில் வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. புதிய அண்டை வீட்டாரை நோக்கி அங்காடியும் தன் சரக்கை உயர்த்திக்கொண்டது. கடை ஓர் அடிகூட நகரவில்லை. சுற்றுப்புறம்தான் நகர்ந்து வந்து சேர்ந்தது. நிறுவனங்களின் ஆண்டு விழா மலர்கள் இப்படிப்பட்ட மாற்றத்தை நிறுவனரின் தொலைநோக்காக எழுதிவிடுவது உண்டு. பழைய நகர வரைபடங்கள், ரயில்பாதை திறந்த, மூடிய ஆண்டுகள், அந்தந்தக் காலத்து நாளிதழ் விளம்பரங்கள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் இந்தப் பிழையில் நீங்கள் விழ மாட்டீர்கள். விளம்பரங்களில் விலை எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடை உயர்தரத்தை நோக்கி நகர நகர, விலை பெரும்பாலும் சிறுத்து ஓரத்துக்குப் போகும்.

உடைமைப் பத்தியைச் சுருக்கமாகவே எழுதலாம். 1930-இல் ப்ளூமிங்டேல்ஸ், ஃபெடரேட்டட் என்ற அங்காடிகளின் கூட்டுக் குழுமத்தில் சேர்ந்தது. 1988-இல் கனடாவின் காம்போ நிறுவனம் பெருங்கடன் வாங்கி அந்தக் குழுமத்தைக் கைப்பற்றியது. 1990-இல் குழுமம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தின் திவால் பாதுகாப்பு கோரியது. 1994-இல் மேசீஸ் அங்காடியோடு இணைந்தது. 2007-இல் குழுமத்தின் பெயரே மேசீஸ் ஆயிற்று. இவற்றில் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் 2006. அந்த ஆண்டில் சிகாகோவின் பெருமையாக இருந்த மார்ஷல் ஃபீல்ட்ஸ் உள்ளிட்ட பல அங்காடிகளின் பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டு, மேசீஸ் என்ற பெயரைக் குழுமம் மாட்டியது. சிகாகோ மக்கள் எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். ஆனால் ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெயரின்மேல் மட்டும் கை வைக்கவில்லை. ஓர் அடையாளத்தின் மதிப்பை அறிய எனக்குத் தெரிந்த மிக நேர்மையான அளவுகோல் இதுதான்: பெயரை மாற்றும் அதிகாரம் உள்ளவர் எதை மாற்றத் துணியவில்லை என்று பாருங்கள்.

மூன்றாம் பத்திக்கு இப்போதுதான் வர வேண்டும். இங்கே நிதானமாக நிற்கவும் வேண்டும். 1961-இல் பிரெஞ்சுப் பொருட்களுக்கான விழா ஒன்றுக்காக ஜோசப் கினிக்ஸ்டைன் என்ற ஓவியர் ஒரு கடைப்பை வடிவமைத்தார். பழைய பிரெஞ்சுச் சீட்டுப் படங்கள் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் அச்சாகியிருந்த அந்தப் பையில் அங்காடியின் பெயரே இல்லை. 1972-இல் மாஸிமோ விக்னெல்லி என்ற வடிவமைப்பாளர் இன்றைய எழுத்துச் சின்னத்தை வரைந்தார். அதில் நடுவிலுள்ள இரண்டு 'ஓ'க்களும் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. 1973-இல் வந்தது பழுப்புப் பை. தலையணை, கம்பளி போன்ற பருத்த பொருட்களைச் சுமந்து செல்லப் படுக்கை விரிப்புப் பிரிவுக்குப் பெரிய பை தேவைப்பட்டது. பொட்டலக் காகிதத்தின் சாதாரணப் பழுப்பு நிறத்தில் செய்து, முகப்பில் 'பெரிய பழுப்புப் பை' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை மட்டும் அச்சிட்டார்கள். பிறகு சிறிய பைக்கும் நடுத்தரப் பைக்கும் அதே பாணியில் பெயர் வந்தது.

இத்தகைய பொருளை ஆராயும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தேவையிலிருந்து இது பிறந்தது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? அப்படி விடும் துணிவு எங்கிருந்து வந்தது? பழுப்புப் பையைப் பொறுத்தவரை மூன்றாம் கேள்விக்கான விடை முதல் பத்தியில் கிடைக்கிறது. தெருவில் எதிரே வருபவர்களுக்கு அந்தக் கடை ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் பெயரை முகப்பிலிருந்து நீக்க முடிந்தது. நேற்றுத் திறந்த கடை இதைப் பார்த்துப் பெயரில்லாத பை அச்சிட்டால், அது வெறும் பையாகவே இருக்கும்.

பையைப் போலவே கடைக்குள் நடந்தவற்றையும் பதிவு செய்யுங்கள். வீட்டு அலங்காரப் பிரிவில் பார்பரா டார்சி அமைத்த மாதிரி அறைகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்தார்கள். மார்வின் ட்ராப் தலைமையில் ஒவ்வொரு நாட்டையும் மையமாக வைத்துப் பெரும் விற்பனை விழாக்கள் நடந்தன. 1978-இல் இந்தியாவுக்கும் 1980-இல் சீனாவுக்கும் அந்த இடம் கிடைத்தது. இப்படிப்பட்ட விழாவை எழுதுபவர்கள் கடையின் ஒப்பனையோடு நின்றுவிடாமல், அங்கே விற்ற துணியை நெய்தவரும் ஏற்றுமதி செய்தவரும் என்ன பெற்றார்கள் என்பதையும் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செவிவழிக் கதைகளைத் தனி நிற மையால் எழுதுங்கள். எலிசபெத் அரசி 1976-இல் இந்த அங்காடிக்கு வந்தார் என்பது பொதுப்பதிவில் உள்ள செய்தி. அவர் காரின் சரியான பக்கத்திலிருந்து இறங்குவதற்காக அங்காடியை ஒட்டிய லெக்சிங்டன் அவென்யூவின் போக்குவரத்தையே எதிர்த்திசையில் திருப்பினார்கள் என்பது, அங்காடித் தரப்பு பெருமையோடு சொல்லிவந்த கதை. இரண்டும் பயன்படும், ஆனால் ஒரே தொனியில் எழுதக் கூடாது.

தாள் நிரம்பியதும் குறுக்காக வாசித்து, மூன்று பத்திகளிலும் அடுத்தடுத்து அசைவு தெரியும் ஆண்டுகளை வட்டமிடுங்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். லோகோ தனக்குரிய 1972-ஆம் வரிசையில் வந்தால் போதும். கடைசியாக ஒரு பயிற்சி. 2010-இல் துபாய் மாலில் இந்த அங்காடி அமெரிக்காவுக்கு வெளியே முதன்முறையாகத் திறக்கப்பட்டது. அதை நடத்துவது அல் தாயர் குழுமம். பழுப்புப் பையும் எழுத்துச் சின்னமும் அங்கே போய்ச் சேர்ந்தன. 59-ஆம் தெரு போகவில்லை. அந்த வரிசையின் முதல் பத்தியில் என்ன எழுதுவீர்கள் என்று, உங்கள் கட்டுரையின் முதல் வரியை எழுதுவதற்கு முன் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.