200 வி.எம். உள்ள இடத்தில் இரவு பேக்கப்பைத் திட்டமிடுவது எப்படி

வி.எம். என்பது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் இயங்கும் மெய்நிகர் கணினி. முதலில் கணக்கு. ஒன்றுக்குச் சராசரி 100 ஜிபி என்றால் 200 வி.எம்.முக்கு 20 டெராபைட். நொடிக்கு 500 எம்பி வேகத்தில் முழு பேக்கப்புக்கு 11 மணி நேரம் தாண்டும். அதைச் சனி இரவுக்குத் தள்ளுங்கள். தினசரி மாறிய பிளாக்குகளை (டிஸ்க்கின் சிறு தரவுத் துண்டுகளை) மட்டும் எடுத்தால், 5 சதவீத மாற்றத்துக்குச் சுமார் அரை மணி நேரம் போதும்.

எல்லா வேலையையும் இரவு 10 மணிக்கே தொடங்குவதுதான் பெரிய தவறு. பேக்கப் எடுக்கும்போது வி.எம்.முக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலைப்பதிவு, திறக்கும். ஒரே டேட்டாஸ்டோரில் (வி.எம்.களின் டிஸ்க் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தில்) பல ஸ்னாப்ஷாட்கள் ஒன்றாகத் திறந்தால் டிஸ்க் திணறும். அவற்றை நீக்கி இணைக்கும்போது வி.எம். சில நொடி உறையும். டேட்டாபேஸ் இணைப்புகள் அறுந்துபோகலாம். டேட்டாஸ்டோருக்கு ஒரே நேரத்தில் 4 வேலை என்று வரம்பு வைத்து, 20 நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். டேட்டாஸ்டோரில் 20 சதவீதமாவது காலியிடம் விடுங்கள். நீங்காமல் தங்கிய ஸ்னாப்ஷாட்கள் இருக்கின்றனவா என்று தினமும் காலையில் பாருங்கள். அவை வளர்ந்து டேட்டாஸ்டோரை நிரப்பினால் வி.எம்.களே நின்றுவிடும்.

பேக்கப் நகலை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். உதாரணமாக, கடலூர் அலுவலகத்தின் நகல் புதுச்சேரியில் மட்டும் இருந்தால் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. கோவை போல உள்ளே தள்ளிய ஊரில் இன்னொரு நகல், குறித்த நாள்வரை அழிக்க முடியாத பூட்டோடு இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அங்கிருந்து ஒரு டேட்டாபேஸ் வி.எம்.மை மீட்டு, லாகின் செய்து, ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். தனி நெட்வொர்க்கில் மீட்டெடுங்கள்; இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் அசல் வி.எம்.முடன் ஐபி முகவரி மோதும்.