உங்கள் ஆள் ரிங்குக்குத் திரும்புவாரா? ஒரு எட்ஜ் ரசிகனின் காத்திருப்புக் கையேடு

உங்களுக்குப் பிடித்த மல்யுத்த வீரர் ரிங்கை விட்டுப் போய்விட்டாரா? முதலில் அவர் ஏன் போனார் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் காயம், இல்லையென்றால் டபிள்யூடபிள்யூஈ மாதிரி மல்யுத்த நிகழ்ச்சி நடத்தும் கம்பெனியோடு மனக்கசப்பு. இரண்டுக்கும் காத்திருக்கும் விதம் வேறு.

காயம் என்றால் எங்கே என்று பாருங்கள். தசை கிழிந்தால் கவலைப்படாதீர்கள், ஆள் வந்துவிடுவார். 2007 அக்டோபரில் ஜான் சீனாவுக்கு நெஞ்சுத் தசை கிழிந்தது. இன்னும் பல மாதம் ஆகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, 2008 ஜனவரி ராயல் ரம்பிளில், அதாவது 30 பேர் ஒவ்வொருவராக ரிங்கில் இறங்கும் போட்டியில், 30வது ஆளாக வந்து ஜெயித்துவிட்டும் போனார். அவருடைய உடம்பு தனி ரகம், அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

கழுத்தும் மண்டையும் வேறு கதை. நான் ரசிக்கும் வீரர் எட்ஜ் 2011 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தது கழுத்தில் தண்டுவடம் போகும் பாதை சுருங்கியதால். டேனியல் பிரையன் 2016 பிப்ரவரியில் ஒதுங்கியது தலையில் பட்ட அடிகளால். 2018 மார்ச்சில்தான் டாக்டர்கள் பச்சைக்கொடி காட்டினார்கள். இந்த மாதிரி ஆட்களின் ஜிம் வீடியோவைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் பலர் எடை தூக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யார் மேலாவது மோதுகிறாரா? 2019 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி டொராண்டோவில் நடந்தது. எட்ஜ் திடீரென்று வந்து எலையஸ் என்ற வீரரை ஒரு ஸ்பியர் அடித்தார், அதாவது ஓடிவந்து தோளால் இடித்துச் சாய்த்தார். சில நொடி விஷயம். ஆனால் கழுத்து போன ஆளை மோத விட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ ஒரு மருத்துவ அறிக்கை மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் திரும்பி வருகிறீர்களா என்று கேட்டவர்களிடம் எல்லாம் இல்லவே இல்லை என்றார். மறுப்பை நம்பி மனம் உடையாதீர்கள். இந்தத் தொழிலில் ரகசியம் காப்பதும் வேலைதான்.

மனக்கசப்பு என்றால் மருத்துவத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சி எந்த ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். சிஎம் பங்க் 2014 ஜனவரியில் டபிள்யூடபிள்யூஈயோடு கோபித்துக்கொண்டு போனவர். 2021 ஆகஸ்டில் போட்டிக் கம்பெனியான ஏஇடபிள்யூவில் வந்தது சிகாகோவில். 2023 நவம்பர் 25 அன்று சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் டபிள்யூடபிள்யூஈக்குத் திரும்பியதும் சிகாகோவை ஒட்டித்தான். அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். கூட்டம் கூரையைப் பிய்க்கும் இடத்தில்தான் கம்பெனி ஆளை இறக்கும். கம்பெனியே வெளியே அனுப்பிய ஆளாக இருந்தால், டபிள்யூடபிள்யூஈயின் முக்கிய வீரர்களுக்கு வழக்கமாக 90 நாள் வேறெங்கும் ஆடத் தடை இருக்கும். அனுப்பிய தேதியிலிருந்து எண்ணுங்கள். அதற்கு முன் வரும் 'உறுதியான தகவல்' எதையும் படிக்காதீர்கள்.

தேதிகளில் எனக்குப் பிடித்தது ராயல் ரம்பிள். 30 பேர், ஒவ்வொருவராக, கவுன்ட்டவுன் முடிந்து பஸ்ஸர் அடிக்கும்வரை யார் என்று தெரியாது. டபிள்யூடபிள்யூஈயின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு மறுநாள் வரும் ரா என்ற வாராந்திர நிகழ்ச்சியும் நல்ல வாய்ப்பு. சாதாரண வாரங்களில் எதிர்பார்த்து உட்கார்ந்தால் தூக்கம்தான் கெடும்.

அன்றைக்கு போனை அணைத்துவிடுங்கள். யார் வந்தார் என்று காட்டும் யூடியூப் முகப்புப் படம் ஒன்றே போதும், எல்லாம் போச்சு. நேரலையில் பார்க்க முடியாவிட்டாலும் முழு மேட்ச்சாகப் பாருங்கள், வெட்டிய துண்டாக வேண்டாம். 2020 ஜனவரி 26, ஹூஸ்டன், எட்ஜ் திரும்பி வந்த ராயல் ரம்பிள். 21வது எண். எட்ஜின் பாட்டுக்கு முன்னால் வரும் அந்தப் பேச்சுக்குரல் கேட்டதும் அரங்கமே எழுந்தது. புகைக்கு நடுவே நின்ற மனிதரின் கண்ணைப் பாருங்கள்: கண்ணீரா வெறியா என்று சொல்ல முடியாது. அந்தக் கூச்சல் எதற்கு என்பது, முன்னால் வந்த இருபது பேரையும் பார்த்தவனுக்குத்தான் முழுசாகப் புரியும்.

வந்தபிறகு பழைய வேகத்தை எதிர்பார்த்து முகம் சுளிக்காதீர்கள். முதல் சில மேட்ச்சில் மூச்சு வாங்கும். நான் அப்போது அடியை விட முகபாவத்தைத்தான் பார்ப்பேன். வயசான வீரர்கள் கதை சொல்வது அதில்தான்.

இன்னொன்று: இணையத்தில் தேடும்போது ரிங் பெயர், சொந்தப் பெயர் இரண்டிலும் தேடுங்கள். ரிங் பெயர் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. எட்ஜ் 2023 அக்டோபரில் ஏஇடபிள்யூவுக்குப் போனபோது ஆடம் கோப்லண்ட் என்ற சொந்தப் பெயரில்தான் போனார். பழைய பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், ஆள் வேறு கம்பெனியில் ஆடிக்கொண்டிருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.